இவர் பொய் சொன்ன இடம்

அந்த லேபிள் என் சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். கறுப்பு மையில் என் மனைவியின் கையெழுத்து. அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் வேலை பார்க்கும் இளம்பெண் அதை மேசைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து என் பக்கம் தள்ளினாள்.

"நானும் ரெண்டு வாரமா மண்டையப் போட்டு உடைச்சுக்கிறேன் சார். நீங்களே வாசிங்க."

வாசித்தேன். 'இலந்தை. இவர் பொய் சொன்ன இடம்.' கீழே தேதி. போன வருடம், மழை ஓய்ந்த மாதம்.

"இவர்னா..." என்று இழுத்தாள்.

"நான்தான்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தாள். "அப்ப சொல்லுங்க சார். எங்க பொய் சொன்னீங்க?"

அதுதான் எனக்குத் தெரியவில்லை.

என் மனைவி ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்கட்டில் முப்பத்தாறு வருடம் லென்ஸ் தேய்த்தவள். வேலை முடிந்தபின் அவள் பார்த்ததெல்லாம் இலைகளை. இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே புகுந்துகொண்டு, பச்சையை மட்டும் தின்றபடி நகரும் புழுக்கள் உண்டு. போன வழி வெள்ளைக் கோடாக வெளியே தெரியும். தொடங்கிய இடத்தில் நூலாக இருக்கும் கோடு புழு வளர வளர அகலமாகும். அதன் நடுவே எச்சம் கறுப்பு இழையாக ஓடும். இரண்டு மூன்று வாரத்தில் தின்று முடித்த புழு தோலைக் கிழித்து வெளியே வந்து, எங்காவது கூடு கட்டி, அரிசியில் பாதிகூட இல்லாத அந்துப்பூச்சியாகப் பறந்துவிடும். ஸ்டிக்மெல்லா என்று அந்தப் பேரினத்துக்குப் பெயர். எங்கள் வீட்டில் சுரங்கக்காரர்கள். அதன் உணர்கொம்பின் அடிப்பாகம் விரிந்து கண்ணைத் தொப்பி போல மூடியிருக்கும், கண்ணாடி மாட்டிய மாதிரி. "நம்ம கடை கஸ்டமர் வந்திருக்கார் பாருங்க" என்பாள்.

சமையலறை அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இலை போட்ட பாட்டில்கள் வரிசையாக நிற்கும். பூச்சி வெளிவந்தால் அதைத் தலைமுடி போன்ற ஊசியில் குத்தி, சிறகைப் பூனைமீசை ஒன்றால் விரித்து, பக்கத்திலேயே அது குடியிருந்த காய்ந்த இலையையும் வைப்பாள். அதற்குக் கீழே லேபிள்.

லேபிளில் முகவரி எழுத இடம் கிடையாது. அதனால் ஒவ்வொரு மரத்துக்கும் எங்களுக்குள் ஒரு பெயர். 'குடை பறந்தது' என்றால் நீரேற்று நிலையத்துக்கு எதிர்ப்பக்கம். 'தங்கச்சி கோவிச்ச படி' என்றால் நூலகத்தின் பக்கவாட்டுப் படிக்கட்டு. 'நாய் இவரைத் தேர்ந்தெடுத்த தெரு' பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை. ஒரு நோட்டில் சரியான முகவரியை எழுதி வைக்கலாமே என்று ஒருமுறை சொன்னேன்.

"எதுக்குங்க? நான் மறந்தா நீங்க இருக்கீங்க. நீங்க மறந்தா நான் இருக்கேன்" என்றாள்.

நான் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். காலம் முழுக்க அடுத்தவர் பிழையைத் தேடித்தான் சம்பளம் வாங்கினேன். அந்த வாக்கியத்தில் இருந்த பிழை மட்டும் என் கண்ணில் படவில்லை.

அவள் போன நான்காம் மாதம் பெட்டிகளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தேன். நூற்றுப் பத்தொன்பது லேபிள்கள். அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து இரண்டே அமர்வில் நூற்றுப் பதினெட்டை முகவரியாக மாற்றிவிட்டேன். பாக்கி ஒன்று. அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று அந்தப் பெண் சொன்னாள்.

"இந்தக் கோடு பாருங்க சார். முதல்ல நத்தை மாதிரி சுருண்டு சுருண்டு போகுது. அப்புறம் திடீர்னு நரம்பு ஓரமா நேரா ஓடுது. இலந்தையில இப்படிப் போற ஸ்டிக்மெல்லாவை யாரும் எழுதி வைக்கல. அம்மா கண்டுபிடிச்சது புதுசு. ஆனா ஒரே ஒரு பெண் பூச்சிதான் இருக்கு. ஆண் பூச்சி வேணும், இன்னும் இலை வேணும், முக்கியமா இடம் வேணும். இடம் இல்லாத பூச்சி எங்களுக்கு வெறும் தூசி."

"எத்தனை நாள் இருக்கு?"

"புழு இலைக்குள்ள இருக்கறது இன்னும் மூணு வாரம். அதுக்குள்ள கிடைச்சா, இந்தப் பேரினத்தைப் பத்தி நான் எழுதற கட்டுரையில அம்மா பேரையே இதுக்கு வைக்கலாம்னு இருக்கேன். கிடைக்கலேன்னா..." தயங்கினாள். "இடம் தெரியாததுன்னு அடிக்குறிப்புல போயிடும்."

அடிக்குறிப்பு! அதை எவ்வளவு சின்ன எழுத்தில் அடிப்பார்கள், எத்தனை பேர் படிப்பார்கள் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? என் மனைவி அடிக்குறிப்பாவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மறுநாள் காலை சின்னவளுக்குப் போன் போட்டேன். சின்னவள் என்பது என் மனைவியின் தங்கை. ஒரு சலவை நிறுவனத்தின் வேன் ஓட்டுகிறாள். விடுதிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வெளுத்த விரிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அழுக்கை ஏற்றி வருவாள். ஊரில் அவளுக்குத் தெரியாத சந்து கிடையாது. இலந்தையோ எங்கு பார்த்தாலும் முளைக்கிற மரம். அதிலும் சில சுரங்கக்காரர்கள் ஒற்றை மரத்தை விட்டு அடுத்த மரத்துக்குப் போகமாட்டார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் சின்னவள் வேனை ஓரம்கட்டும் சத்தம் போனிலேயே கேட்டது.

"அத்தான், நீங்க அக்காகிட்டப் பொய் சொல்லியிருக்கீங்களா?"

"எல்லாரும் சொல்றதுதானே."

"எத்தனை?"

"மரத்தடியில சொன்னது மட்டும்னா, எனக்கு ஞாபகம் இருக்கிறது மூணு."

"மரத்தடியில மட்டுமே மூணா! இருங்க, அரை மணியில வர்றேன். ஒண்ணையும் விடாமச் சொல்லணும்."

அக்காவின் இழவுக்குப் பிறகு அவள் குரலில் அவ்வளவு உற்சாகத்தை நான் கேட்கவில்லை.

முதல் மரம் மீன் சந்தைக்குப் பின்னால். பல்வலிக்கு டாக்டரிடம் போய்விட்டு வந்தேன் என்று அங்கே வைத்து என் மனைவியிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் பயத்தில் பாதி வழியிலேயே திரும்பி, ஒரு சலூனில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன்.

"பல்லுக்குப் போனவர் முடி வெட்டிட்டு வந்தா அவளுக்குத் தெரியாதா?" என்றாள் சின்னவள், கிளையை வளைத்தபடி.

"முடி வெட்டல. சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்."

"அது இன்னும் கேவலம்."

இலைகளில் கோடு இருந்தது. ஆனால் இது ஒழுங்கில்லாமல் குதறி வைத்த வேறு ஏதோ புழுவின் வேலை. போனில் படம் அனுப்பினோம். இல்லை என்று உடனே பதில் வந்தது. 'அடுத்த பொய், ப்ளீஸ்' என்றும் எழுதியிருந்தாள் அந்தப் பெண். விஞ்ஞானிகள் இப்படியெல்லாம் எழுதுவார்கள் என்று நான் நினைத்ததில்லை.

இரண்டாவது மரம் கால்வாய்ப் பாலத்தின் மறுமுனையில். அங்கே போகும் வழியில் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"என்ன அத்தான், இது பெரிய பொய்யா?"

"இல்ல, சின்னதுதான்."

"அப்புறம் ஏன் முழிக்கிறீங்க?"

"ஒரு கம்பளிச் சட்டை இருந்தது. மஞ்சளும் பழுப்புமா. காத்துல பறந்து கால்வாய்க்குள்ள விழுந்துடுச்சுன்னு உங்க அக்காகிட்டச் சொன்னேன்."

வேன் மெதுவானது. "பறந்துதா?"

"கம்பளிச் சட்டை எப்படிம்மா பறக்கும்? நான்தான் போட்டேன். உடம்பெல்லாம் அரிச்சுது."

"அது நான் பின்னினது."

"தெரியும்."

"நாலு மாசம் பின்னினேன்!"

"ஒரு கை நீளமா இருந்தது. அதுவும் தெரியும்."

கால்வாய்ப் பாலத்தில் அவள் என்னை இறங்கச் சொல்லிவிட்டு வேனிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் தனியாக முள்ளில் மாட்டி, தனியாகச் சட்டையைக் கிழித்துக்கொண்டேன். அந்த மரத்தில் ஒரு கோடுகூட இல்லை. திரும்பி வந்து ஏறியபோது, "நல்லாக் கிழியட்டும். அது யார் பின்னினது?" என்று கேட்டாள். பிறகு அவளாலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. அடுத்து விரிப்பு கொடுக்கவேண்டிய விடுதியிலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது.

மூன்றாவது மரத்துக்கு நான் பத்து நாள் போகவில்லை. கால் வலி என்றேன், வீட்டில் வேலை என்றேன். சின்னவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மரத்தடி இல்லாமலும் நல்லாத்தான் சொல்றீங்க" என்றாள்.

அந்த மரம் ஆஸ்பத்திரியின் பின்வாசலில், ஆம்புலன்ஸ் திரும்பும் இடத்தில் இருக்கிறது. போன வருடம் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லவேண்டியதைச் சொன்னார். வெளியே வந்தேன். என் மனைவி மரத்தடிச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து வழக்கம்போல இலைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னவாம்?" என்றாள். "ஒண்ணும் இல்லையாம். மாத்திரையிலயே சரியாயிடுமாம்" என்றேன். "அப்படியா, நல்லது" என்று எழுந்துகொண்டாள். அந்த நாளுக்கும் லேபிளில் இருந்த தேதிக்கும் நடுவே இரண்டே வாரம்தான். தொடக்கத்திலிருந்தே இந்த மரமாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. அதனால்தான் பல்லையும் கம்பளியையும் முன்னால் தள்ளினேன். அவள் அதை ஒரு லேபிளில் எழுதி, ஊசியில் குத்தி, பெட்டிக்குள் வைத்திருந்தால் நான் என்ன செய்வது?

மூன்று வாரத்தில் ஏழே நாள் மிச்சம் இருந்தபோது சின்னவள் வாசலில் வந்து ஹாரன் அடித்தாள். போகும் வழியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை அவள் கிண்டல் செய்யவில்லை.

மரத்தடியில் நாங்கள் இருவரும் ஒவ்வொரு கிளையாகப் புரட்டினோம். எட்டாத கிளைக்கு வேனின் பின்கதவைத் திறந்து, துணி மூட்டைமேல் நின்றேன். அரை மணி நேரம். ஒரு கோடுகூட இல்லை. அவ்வளவு சுத்தமான இலந்தை மரத்தை நான் பார்த்ததில்லை.

"இது இல்ல," என்றேன்.

சின்னவள் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். "அவளுக்குத் தெரியும் அத்தான்."

"என்ன தெரியும்?"

"நீங்க சொன்ன அன்னைக்குச் சாயங்காலமே எனக்குப் போன் பண்ணினா. 'அவர் பொய் சொல்றார்டி. பாவம், கஷ்டப்பட்டுச் சொல்றார், நீ கெடுத்து வைக்காதே'ன்னா."

நான் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆம்புலன்ஸ்காரர் ஒருவர் வேனை நகர்த்தச் சொன்னார். சின்னவள் கை காட்டினாள், ஒரு நிமிடம் என்று.

"தெரிஞ்சிருந்தா ஏன் இங்க லேபிள் எழுதல?" என்று கேட்டேன்.

"இங்கதான் புழு இல்லையே" என்றாள் அவள். "அக்காவப் பத்தித் தெரியாதா? புழு இருந்திருந்தா எழுதியிருப்பா."

உண்மைதான். எழுதியிருப்பாள். எனக்கு ஒரே நேரத்தில் அழுகையும் சிரிப்பும் வந்தன. கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, இரண்டையும் ஒரு வெளுத்த தலையணை உறையில் துடைத்துக்கொண்டேன். சின்னவள் அந்த உறையைப் பேசாமல் வாங்கி அழுக்கு மூட்டையில் போட்டாள்.

வேன் கிளம்பியது. எனக்கு வேறு பொய் எதுவும் ஞாபகம் வரவில்லை. அந்தப் பெண் கொடுத்திருந்த லேபிளின் நகலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"என்ன பார்க்கிறீங்க?"

"லேபிள்தான். வேற ஏதாவது குறிப்பு இருக்கான்னு."

"கண்ணாடி போடாம என்ன தெரியும்?"

"எல்லாம் நல்லாத் தெரியுது."

"ஆமா, தெரியுது. தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க. தெரியாததத் தெரியுதுன்னு இன்னும் எத்தனை வருஷம் பொய் சொல்லுவீங்க?"

நான் லேபிளைத் திருப்பவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வண்டியத் திருப்பு" என்றேன்.

எனக்கு இருபத்தெட்டு வயதில் கிட்டத்தில் இருக்கும் எழுத்து கலங்கத் தொடங்கியது. புரூஃப் பார்ப்பவனுக்கு அது வேலை போகிற காரியம். கண்ணாடிக் கடைக்குப் போனேன். என் லென்ஸைத் தேய்த்துக் கொடுத்தவள் அவள்தான். எழுத்துகள் எல்லாம் நின்ற இடத்தில் நின்றன. அதற்கு நன்றி சொல்ல நான்கு முறை போனேன். ஐந்தாம் முறை, கடை மூடியபின் கொஞ்ச தூரம் நடந்து வரலாமா என்று கேட்டேன். வந்தாள். கடைத் தெருவின் கோடியில் இருக்கும் பஸ் டிப்போவின் பின்சுவர் வரை நடந்தோம். நான் அழகாகத் தெரியவேண்டும் என்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டிருந்தேன். அங்கே ஒரு மரத்திலிருந்து இலை ஒன்றைப் பறித்து, வெளிச்சத்துக்கு எதிரே என் மூக்கருகில் பிடித்தாள்.

"உள்ள புழு நகருது பாருங்க. தெரியுதா?"

எனக்கு இலையே ஒரு பச்சை மேகம்போலத்தான் தெரிந்தது. "நல்லாத் தெரியுது" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "என்னைத்தான் பார்க்குது" என்றும் சொன்னேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் நான் விழுந்தேன் என்று பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். என் கண்ணின் பவரைக் கால் புள்ளிகூடப் பிசகாமல் தெரிந்தவள் என் முன்னால் நிற்கிறாள் என்பது எனக்கு அன்றும் உறைக்கவில்லை, அதன் பிறகும் உறைக்கவில்லை. அதைப் பொய் என்று நான் எண்ணியதே இல்லை.

"அக்கா இத ஒரு தடவகூடச் சொல்லிக் காட்டலையா?" என்றாள் சின்னவள்.

"இப்பத்தான் சொல்லியிருக்கா."

டிப்போவின் பின்சுவரோரம் பழைய டயர்கள் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே அந்த இலந்தை கோணலாக நின்றது. காவலாளி எழுந்து வந்து, எதற்கு என்று கேட்டார். இலை பார்க்க என்றோம்.

"போன வருஷம் ஒரு அம்மா இப்படித்தான் வந்தாங்க" என்றார். "என் ஸ்டூலக் கேட்டு வாங்கி ஏறினாங்க. விழுந்துடப் போறீங்கம்மான்னு பிடிச்சுக்கிட்டு நின்னேன். இறங்கிட்டு, 'இந்த மரத்த வெட்ட வந்தா விடாதீங்க, எங்க வீட்டுக்காரர் இங்கதான் மாட்டினார்'னு சொன்னாங்க. ஏதோ போலீஸ் விஷயம்னு நான் மேல கேட்கல."

சின்னவள் டயர்மேல் சாய்ந்து சிரித்தாள். காவலாளி என்னைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

போன் போட்ட இருபது நிமிடத்தில் அருங்காட்சியகத்துப் பெண் வந்து சேர்ந்தாள். ஸ்கூட்டரை நிறுத்தாமலே இறங்கிவிட்டாள் என்று சொன்னால் பொய்யாகிவிடும், ஆனால் ஏறக்குறைய அப்படித்தான். அதே ஸ்டூலில் ஏறினாள். ஒவ்வொரு இலையாகப் புரட்டினாள். பிறகு ஒரு கிளைக்குள்ளிருந்து, "சுருண்டு போகுது. சுருண்டு சுருண்டு... நேரா! சார், நேராப் போகுது!" என்று கத்தினாள். காவலாளி ஸ்டூலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஒரு பை நிறைய இலைகள் சேர்ந்தன. ஒன்றை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். வெளிச்சத்துக்கு எதிரே என் மூக்கருகில் பிடித்தாள்.

"உயிரோட இருக்கு சார். கோட்டோட கோடியில. தெரியுதா?"

பச்சை மேகம்.

"தெரியலம்மா" என்றேன். "ஒரு நிமிஷம் இரு."

பையிலிருந்து கண்ணாடியை எடுத்தேன். என் மனைவி கடைசியாகத் தேய்த்துக் கொடுத்த லென்ஸ். முந்தானையில் துடைத்துத் தருவாள். நான் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டேன். இலையின் இரண்டு தோல்களுக்கு நடுவே, வெள்ளைக் கோட்டின் அகன்ற முனையில், பச்சை மங்கிய ஒரு துளி இருந்தது. தலையை இடமும் வலமும் ஆட்டியபடி, அவசரமில்லாமல் தின்றுகொண்டு, மயிரிழை தூரம் முன்னே போயிற்று.

முப்பத்தெட்டு வருடம் கழித்துப் பார்த்தேன்.

"உங்களத்தான் பார்க்குதா அத்தான்?" என்றாள் சின்னவள்.

"இல்ல. அது பாட்டுக்குச் சாப்பிடுது."

அடுத்த மாதம் பாட்டில்களிலிருந்து பதினான்கு பூச்சிகள் வெளிவந்தன. அதில் ஆறு ஆண். கட்டுரையின் புரூஃப் என்னிடம்தான் வந்தது. ஏழு பிழை கண்டுபிடித்தேன். என் மனைவியின் பெயர் தலைப்பிலேயே, கொட்டை எழுத்தில் இருந்தது. அதில் பிழை இல்லை. மூன்று முறை பார்த்துவிட்டேன்.

புதுப் பூச்சிகளுக்கு லேபிள் எழுத அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். இடம் என்று இருந்த வரியில், பஸ் டிப்போ பின்சுவர், கடைத் தெருக் கோடி என்று முழு முகவரியையும் எழுதினேன்.

"சரியா இருக்கு சார். இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கு. ஏதாவது எழுதணுமா?"

யோசித்தேன். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, என் மனைவி எழுதும் அளவுக்கே சின்னதாக, பதினான்கு லேபிளிலும் எழுதினேன்: 'இவள் கண்டுபிடித்த இடம்.'